எடை குறையாமல் கொடுத்தவர்

செங்கல்வராயன் பரமசிவம். பிறந்த ஆண்டு 1969. நடப்பு வயது ஐம்பத்தாறு. ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். தொழில் பட்டு நெசவு. படிப்பு மூன்றாம் வகுப்பு. ‘மூணாவதுல பாதி’ என்று அவரே திருத்துவார். மீதிப் பாதியின்போது அவருடைய தகப்பனாருக்குத் தறியில் துணைக்கு ஆள் தேவைப்பட்டது.

2024 நவம்பரிலிருந்து செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள்களிலும் அவருக்கு டயாலிசிஸ் செய்யப்படுகிறது. சிறுநீரகங்கள் கெட்டதற்குக் காரணம் இரண்டு என்று மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள். ஒன்று, இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாதிருந்த இரத்தக் கொதிப்பு. மற்றது, முதுகு வலிக்கென்று மருந்துக் கடையில் அவராகவே கேட்டு வாங்கிப் பல ஆண்டுகள் விழுங்கிய மாத்திரைகள். தறியைப் பூட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். மாத்திரை வாங்கப் போனால் கால் மணி நேரம்தான் போகும். அவர் கால் மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் நெய்வது கோர்வைப் புடவை. கோர்வைக்குத் தறியில் இருவர் வேண்டும். நடு இருக்கையில் அமர்பவர் மிதியை மிதித்து, உடலுக்குரிய ஊடை நூலைக் கொண்டோடும் நாடாவை எறிந்து, இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிப்பார். வலப்பக்கத்துக் கரைக்கு வேறு நிறம், வேறு நாடா. அதை எறியவும் வாங்கவும் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பரமசிவம் நடு இருக்கை. அவர் மனைவி இந்திராணி கரைப் பக்கம். 1998இல் திருமணமான பத்தாம் நாள் தொடங்கி இருபத்தேழு ஆண்டுகளாக இந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை.

2025 ஜனவரியில் தறி நின்றது. தறிக்குக் கீழுள்ள குழியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்தால் அரை மணிக்குள் கால் வீங்கியது; பலகையை நான்கு முறை இழுத்தால் மூச்சு வாங்கியது. தறியில் மூன்று புடவைக்கான பாவு, அதாவது நீளவாக்குப் பட்டு இழை, ஏற்றியிருந்தது. முதற்புடவையில் மூன்று முழம்தான் நெய்திருந்தார். அந்தப் பாவுக்கு உரியவர் வேல்முருகன். பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் செய்து புடவையாகப் பெற்றுக்கொள்ளும் முதலாளி. கெட்டவர் அல்லர். ஆறு மாதம் தூசியில் கிடக்கும் பட்டு, பட்டாக இருக்காது என்பது அவருடைய கவலை. ஜூன் தொடக்கத்தில் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார்.

“பரமசிவம், ஆனி முடியறவரைக்கும் பாக்கறேன்பா. அதுக்குள்ள தறி ஓடிச்சின்னா சரி. இல்லன்னா பாவ அறுத்து எடுத்துக்கினு போய் வேற வீட்ல ஏத்திடுவேன். கோச்சிக்காத.”

“ஒக்காந்துடுவேன் முதலாளி.”

“எப்படி ஒக்காருவ? தெரு முனையிலருந்து வந்ததுக்கே நாய் மாதிரி எளைக்கிற.”

“நாயி ஒக்காந்துக்கினுதானே எளைக்குது?” என்றார் பரமசிவம்.

வேல்முருகன் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் கெடு கெடுதான். அந்தப் பாவு போய்விட்டால் அடுத்த பாவு அந்த வீட்டுக்கு வராது என்பது இந்திராணி உட்பட மூவருக்கும் தெரியும். நோயாளி வீட்டுத் தறி என்று பெயர் விழுந்துவிட்டால் எந்த முதலாளியும் பட்டை நம்பிக் கொடுக்கமாட்டார்.

உண்மையில் பரமசிவத்துக்கு ஒன்று புரியவில்லை. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். ஒரு முறைகூடத் தவறியதில்லை. ஆனாலும் உடம்பு தேறவில்லை. ஏப்ரலில் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் கொண்டுபோய் நான்கு நாள் படுக்க வைத்தார்கள். அவருக்கு அடுத்த படுக்கையில் சிகிச்சை பெறும் பிரேம்நாத்தோ அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். செவிலிமேட்டில் சொந்த வீடு. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் டயாலிசிஸ் முடிந்ததும் தாமே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ‘ஒரே மெஷின், ஒரே மருந்து, ஒரே நர்ஸம்மா, அவருக்கு மட்டும் எப்படி?’ என்று பேருந்தில் வரும்போதெல்லாம் பரமசிவம் எண்ணிக்கொள்வார். யாரையும் கேட்டதில்லை.

அது ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் நிலையம். காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே பணியாற்றும் மருத்துவர் ஷாஸியா உள்ளூர்ப் பெண். தந்தையார் ஜரிகை வியாபாரி. வருமானமும் கல்வியும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உடல்நிலையோடு எவ்வாறு தொடர்புடையவை என்று ஆராய்ந்து, மேற்படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ஜூன் 10ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, கேள்வித்தாளுடன் பரமசிவத்தின் படுக்கைக்கு வந்தார்.

“படிப்பு என்னங்கய்யா?”

“மூணாவதுல பாதி.”

“பாதின்னு போட இதுல கட்டம் இல்லீங்க. மூணாவதுன்னு போட்டுக்கறேன்.”

“போடும்மா. எனக்கு அர வருஷம் லாபம்.”

அடுத்த படுக்கையிலிருந்து பிரேம்நாத் குரல் கொடுத்தார். “டாக்டர், எனக்கு எம்.காம்.னு போட்டீங்களே, அதுல ரெண்டு வருஷத்த அவர் பக்கம் தள்ளி விடுங்க. எனக்கு இனிமே வேணாம்.”

“மாச வருமானம்?”

“தறி ஓடினா ரெண்டு பேருக்கும் சேத்துப் பன்னண்டு, பதிமூணாயிரம் வரும். இப்ப தறி ஓடல.”

“அப்போ ஒண்ணும் இல்லையா?”

“அதுக்குக் கட்டம் இருக்குதாம்மா?”

“இருக்குதுங்க.”

“பரவால்லியே! எனக்குன்னே போட்டு வெச்சிருக்காங்க.”

ஷாஸியா சிரித்துக்கொண்டே அவருடைய எடை அட்டையை எடுத்தார். ஒவ்வொரு முறையும் டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து நர்ஸ் ஷாரோன் எழுதி வைக்கும் அட்டை அது. பார்த்துக்கொண்டே வந்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

“ஐயா, மத்தவங்களுக்கெல்லாம் ஒரு வாட்டிக்கும் அடுத்த வாட்டிக்கும் நடுவுல ஒன்றர கிலோ, ரெண்டு கிலோ ஏறுது. உங்களுக்கு நாலு கிலோ. அதுவும் தவறாம நாலு. போகும்போது அம்பத்து நாலு, வரும்போது அம்பத்தெட்டு. போன மாசம் பூரா இதேதான். ஷாரோன் சிஸ்டர், நீங்க தராசப் பாத்து எழுதறீங்களா, பழைய வரியப் பாத்து எழுதறீங்களா?”

“ஐயோ டாக்டர், நானே ரெண்டு வாட்டி ஏத்தி ஏத்திப் பாத்தேன்!” என்றார் ஷாரோன்.

பரமசிவம் படுத்தவாறே நிமிர்ந்தார். பல மாதமாக ஒருவரும் கவனிக்காதிருந்த தம்முடைய ஒழுங்கை இப்போதாவது ஒருவர் கவனித்தாரே என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

“அதெப்படிம்மா கொறையும்? முப்பத்தஞ்சு வருஷமா என் பேருல பாவு வாங்கி நெய்யறேன். எடை போட்டு வாங்கின பட்ட எடை கொறச்சி ஒருநாளும் கொடுத்தவன் இல்ல. நீங்க மெஷின்ல போட்டு நாலு கிலோ எடுத்துக்கறீங்க. வைத்தியம், எடுக்கத்தான் வேணும். அடுத்த வாட்டி வர்றதுக்குள்ள அந்த நாலு கிலோவ ஈடு கட்டிக்கினுதான் வருவேன். முந்தின நாளே சத்தார் பாய் இரும்புக் கடைத் தராசுல ஏறிப் பாத்துடுவேன். கொறைஞ்சுதுன்னா ரெண்டு எளநி.”

பிரேம்நாத் தம் கையிலிருந்த செய்தித்தாளை மெல்ல மடித்தார்.

“எளநியா?” என்றார் ஷாஸியா.

“எளநி, மோரு, கேழ்வரகுக் கூழு. தண்ணி கொறைக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. அதனால தண்ணி மட்டும் ஒரு சொட்டு கூடக் குடிக்கறதில்ல.”

பட்டு வணிகத்தின் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். நெய்த புடவையை எடை போட்டு வாங்குவார். கழிவுக்குச் சிறிது தள்ளுபடி உண்டு. அதற்கு மேல் குறைந்தால் நெசவாளருக்கு அவமானம். முப்பத்தைந்து ஆண்டு அந்த ஒழுங்கில் நின்ற ஒருவர், ஏறும்போது ஒரு எடையும் இறங்கும்போது ஒரு எடையும் எழுதும் இடத்துக்கு வந்தால் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? இந்தத் தவற்றை வங்கி மேலாளர் செய்திருக்க முடியாது. அதற்கு நாணயமான நெசவாளராக இருக்க வேண்டும்.

ஷாஸியா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜரிகை வியாபாரியின் மகள் ஆகையால் நோய்ப் பெயர் எதையும் சொல்லாமல் தொடங்கினார்.

“ஐயா, அடை மழை நாள்ல புடவையக் கொண்டுபோய்த் தராசுல வெச்சா எடை என்ன காட்டும்?”

“கூடத்தான் காட்டும். பட்டு ஈரத்த இழுத்துக்கும்மா.”

“அப்போ ஒருத்தர் கொஞ்சம் பட்ட எடுத்து வெச்சிக்கினு, புடவைய ஈரம் காட்டிக் கொண்டாந்தா எடை சரியா இருக்குமில்ல? முதலாளி ஒத்துக்குவாரா?”

“எப்படி ஒத்துக்குவாரு? அது திருட்டு வேலை. காய வெச்சிப் பாத்தா நெச எடை தெரிஞ்சிடும்.”

“அதேதாங்கய்யா. மெஷின் எடுக்கறது உங்க சதைய இல்ல; ஈரத்த. சிறுநீர் போகாததால உடம்புல தங்கிடற ஈரம். அத எடுத்தப்புறம் வர்ற அம்பத்து நாலுதான் உங்க நெச எடை. மோரும் ஈரம், கூழும் ஈரம், எளநியும் ஈரம். நீங்க ஈடு கட்டின நாலு கிலோவும் கால்ல நின்னுது, நுரையீரல்ல நின்னுது. ஏப்ரல்ல மூச்சு முட்டினது அதனாலதான். எளநி இன்னும் மோசம். அதுல இருக்கற பொட்டாசியம்ங்கற உப்பு இதயத்தையே நிறுத்திடும். தண்ணியக் கொறைங்கன்னு சொல்லிட்டு எதெல்லாம் தண்ணின்னு நாங்க சொல்லல. அது எங்க தப்பு.”

பரமசிவம் வீங்கியிருந்த தம் காலைப் பார்த்தார்.

“ஏழு மாசமா நான் ஈரப் புடவைய நிறுத்துக் கொடுத்துக்கினு இருந்திருக்கேன்” என்றார்.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே ஐயா?”

“நீங்கள்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க. கேட்டா, இதுகூடத் தெரியலியேன்னு நெனப்பீங்க.”

பிரேம்நாத் தொண்டையைச் செருமினார். “நான் மொத நாளே முப்பது கேள்வி கேட்டேன் பரமசிவம். எதுவும் தெரியாமத்தான் கேட்டேன். ஆனா எதிர்ல ஒக்காந்து கேக்கற பழக்கம் எனக்கு வேலையில வந்தது. உங்களுக்கு அந்த வேலை அமையல. இன்னொண்ணும் சொல்லணும். எனக்குப் பென்ஷன் வருது. டயாலிசிஸ் முடிச்சா வீட்ல ஃபேன் கீழ படுத்துக்கலாம். இன்னிக்கி கூலி போச்சேன்னு கவலைப்பட வேண்டியதில்ல. எம்.காம். பாதி வேலை செய்யுது, பென்ஷன் பாதி வேலை செய்யுது. டாக்டர், இதுக்கும் உங்க பேப்பர்ல கட்டம் இருந்தா எழுதிக்குங்க.”

ஷாஸியா உண்மையிலேயே எழுதிக்கொண்டார்.

அன்று பரமசிவம் முதல் கேள்வியைக் கேட்டார். “நான் எப்பம்மா தறியில ஒக்காரலாம்?”

ஷாஸியாவின் விடை திட்டவட்டமாக இருந்தது. தொடர்ந்து பன்னிரண்டு முறை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறாமல் வர வேண்டும். அவ்வாறு வந்தால் இதயத்தைச் சோதித்து எழுத்தில் அனுமதி தருவார். இடையில் ஒரு முறை மிகுந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஜூன் 12இல் தொடங்கினால் ஜூலை 8இல் பன்னிரண்டு முடியும். ஆனி முடிவது ஜூலை 16. எட்டு நாள் கையிருப்பு.

வீட்டுக்கு வந்து இந்திராணியிடம் நடந்ததைச் சொன்னார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

“சாப்பாட்டு விவரம் எழுதின தாள் எதுவும் அவங்க கொடுக்கலியா?”

“கொடுத்தாங்க. நவம்பர்லயே.”

“எங்க?”

விளக்கு மாடத்தில் எண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் நான்காக மடித்துக் கிடந்தது. இந்திராணி எண்ணெய்க் கறைக்கு நடுவே எழுத்துகளைத் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய குரல் ஏறியது.

“‘மோர், கஞ்சி, ரசம், இளநீர் யாவும் நீர்க் கணக்கில் சேரும்.’ கொட்ட எழுத்துல போட்டிருக்குது! வீட்ல ஒருத்தி படிச்சவ இருக்கறா, அவகிட்ட காட்டலாம்னு தோணலியா? கிண்ணத்துக்கு அடியில வெச்சா கிண்ணம் படிக்குமா?”

“நீ பயந்துடுவேன்னு வெச்சேன்.”

“நான் இப்பதான் பயப்படறேன்.”

மறுநாளிலிருந்து ஆட்சி இந்திராணியின் கைக்கு மாறியது. காலையில் முக்கால் லிட்டர் புட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பார். பரமசிவம் காப்பி குடித்தால் அந்த அளவு புட்டியிலிருந்து கீழே ஊற்றப்படும். மாத்திரைக்கு இரண்டு மடக்கு என்றால் அதுவும் புட்டியிலிருந்தே. புட்டி தீர்ந்தால் அன்றைய நாள் தீர்ந்தது. உப்பும் ஊறுகாயும் அடுக்களையின் மேல் தட்டுக்கு ஏறின. தாகம் எடுத்தால் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வார். கிராம்பு யோசனை பிரேம்நாத்துடையது.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லை. பிரேம்நாத் வீட்டுக் குளியலறையில் ஒன்று இருக்கிறது. எண் தானாக ஒளிரும். பரமசிவத்துக்கு அப்துல் சத்தாரின் பழைய இரும்புக் கடைத் தராசுதான். ஈடு கட்டிய காலத்தில் ஏறிய அதே தராசில் இப்போது எதிர்ப்பக்கத்துக் கவலையோடு ஏறினார். தினமும் காலை ஏழு மணிக்குக் கடை திறந்ததும் போய்விடுவார்; சத்தார் எடையைப் பார்த்துக் கடைக் கதவின் உட்புறத்தில் சாக்குக்கட்டியால் எழுதுவார்.

“என்னாண்ணே, போன மாசம் கொறையுதுன்னு அழுத. இப்ப ஏறுதுன்னு அழுவற. ஒரு முடிவுக்கு வா.”

“நீ எழுது பாய்.”

“அம்பத்தஞ்சு நானூறு. இரும்பு வெலைக்குப் போட்டாக்கூட ஆயிரத்து ஐநூறு தேறும். போடட்டுமா?”

“துருப் பிடிச்சதுக்கு வெலை கொறைப்பியே நீ.”

“தெரிஞ்சவங்களுக்குக் கொறைக்க மாட்டேன்ணே.”

நான்கு வாரத்தில் கதவு நிறைந்துவிட்டது. கடைக்கு வருபவர்கள் அதை இரும்பு விலைப்பட்டியல் என்று எண்ணி, நாளுக்கு நாள் ஏன் மாறுகிறது என்று சத்தாரிடம் சண்டை பிடித்ததும் உண்டு.

ஒன்பது முறை குறையின்றி முடிந்தது. ஏற்றம் ஒன்றே முக்கால், ஒன்றரை, ஒரு முறை ஒன்று நானூறு. கால் வீக்கம் வடிந்து கணுக்கால் எலும்பு தெரிந்தது. பேருந்துக்கு நிற்காமல் நடந்தே வீடு திரும்பிய நாளும் இருந்தது. கேள்வி கேட்கும் பழக்கமும் வளர்ந்தது. “இந்த ஊசி எதுக்கு? இந்தச் செவப்பு விளக்கு ஏன் எரியுது? கையில இரத்தக் குழாய்ல தொட்டா குர்ர்னு அதிருதே, அது நல்லதா கெட்டதா?” ஷாரோன் ஒரு நாள் கை கூப்பிவிட்டார். “ஐயா, ஏழு மாசம் சேத்து வெச்சத ஒரே வாரத்துல கேக்காதீங்க.”

பத்தாம் முறை, ஜூலை 3. தராசு இரண்டு கிலோ முந்நூறு ஏற்றம் காட்டியது.

பரமசிவம் இறங்கி மீண்டும் ஏறினார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த சில்லறையை எடுத்து ஷாரோனிடம் கொடுத்துவிட்டு ஏறினார். இரண்டு முந்நூறுதான்.

“நேத்து என்னெல்லாம் சாப்பிட்டீங்க?” என்று கேட்டார் ஷாஸியா.

“தண்ணி புட்டிக் கணக்குதான். மத்தியானம் தங்கச்சி வீட்ல விசேஷம்னு இந்திராணியோட போயிருந்தேன். சோறு சாப்பிட்டேன். ரசம் நல்லாருந்துது. மூணு வாட்டி ஊத்திக்கினேன்.”

“ரசம்!”

“சோத்துலதாம்மா ஊத்திக்கினேன். குடிக்கல.”

ஷாஸியா விதியைத் தளர்த்தவில்லை. தளர்த்தக் கூடாது என்பதைப் பரமசிவமும் ஒப்புக்கொண்டார். எடை மிகுந்தால் நீர் யாருடைய நெஞ்சில் நிற்கும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். புதிய எண்ணிக்கை ஜூலை 5இல் தொடங்கியது. பன்னிரண்டாவது முறை ஜூலை 31இல் வரும். ஆனி அதற்குப் பதினைந்து நாள் முன்னதாகவே முடிந்துவிடும்.

அன்று இரவு உணவின்போது அவர் சிரிக்கவில்லை. “பாவு போயிடும் இந்திராணி” என்று மட்டும் சொன்னார். இந்திராணி தட்டில் சோற்றைப் போட்டார். ரசம் வைக்கவே இல்லை.

ஜூலை 15, செவ்வாய். டயாலிசிஸ் முடிந்து பிற்பகல் இரண்டு மணிக்குப் பரமசிவம் தெரு முனையில் இறங்கினார். தம் வீட்டு வாசலில் வேல்முருகன் நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்தார். கையில் துணிப்பை. பாவை அறுக்கக் கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார் போலும் என்று எண்ணி நடையை விரைவாக்கினார். அருகில் போனதும், வேல்முருகன் உள்ளே போகாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. உள்ளே பலகை அடிக்கும் ஓசை கேட்டது.

“யாருய்யா நெய்யறது?” என்றார் வேல்முருகன்.

“எனக்கும் தெரியல முதலாளி.”

“உன் வீட்ல நெய்யறாங்க, உனக்குத் தெரியலியா?”

“காலையில எட்டு மணிக்கு நான் கெளம்பும்போது தறி மேல துணி போத்தியிருந்துது.”

இருவரும் வாசலில் நின்றே கேட்டார்கள். பரமசிவத்தின் காது தானாக எண்ணத் தொடங்கியது. அவருடைய அடியைவிட வேகம் குறைவு. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் இடையில் இருந்த நேரம் ஒன்றுபோல் இருந்தது. புதிதாகக் கற்றவரின் அடி அன்று. நடுவே இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம்.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். நடு இருக்கையில் இந்திராணி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குழியில் இறங்கி உட்கார்ந்திருந்தார். கரைப் பக்கத்தில் எதிர்வீட்டுச் சம்பூர்ணம். முதற்புடவையில் கூடுதலாக ஒரு முழம் ஏறியிருந்தது.

வேல்முருகன் குனிந்து துணியைக் கண்ணருகே பிடித்தார். கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் நீவினார். புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“இது எப்ப நெஞ்சது?”

“சனிக்கிழமலருந்து, முதலாளி. அவர் இல்லாத நேரத்துல” என்றார் இந்திராணி.

“உனக்கு நடுவுல ஒக்காரத் தெரியும்னு எனக்குத் தெரியாதே.”

“இருபத்தேழு வருஷமா அவரு சாப்பிடப் போனா, வெத்தல வாங்கப் போனா, யாரோடயாவது பேசப் போனா யார் நெஞ்சாங்கன்னு நெனச்சீங்க? அவர் ரொம்பப் பேசுவாரு முதலாளி.”

சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேல்முருகன் பரமசிவத்தைத் திரும்பிப் பார்த்தார். பரமசிவம் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, ஓடற தறிய நான் ஏன் அறுக்கறேன்? ஆனா சம்பூர்ணம் அவங்க வீட்டு வேலைய விட்டுட்டு எத்தன நாளைக்கி வருவாங்க?”

“இந்த மாசக் கடைசி வரைக்கும் ஒரு வேளை வரேன்னு சொல்லியிருக்கறாங்க. அதுக்கப்புறம் ஆளு இருக்குது” என்றார் இந்திராணி. ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 31ஆம் நாள் பன்னிரண்டு முடிந்தது. கடைசி ஏற்றம் ஒன்று அறுநூறு. ஷாஸியா இதயத்தைச் சோதித்துவிட்டு அனுமதிச் சீட்டு எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். “தறியில் அமரலாம். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம், பிறகு காலை நீட்டி ஓய்வு. இடக்கையில் டயாலிசிஸுக்கான இரத்தக் குழாய் இருப்பதால் பலகை இழுக்கக் கூடாது. குழியில் கால் தொங்கவிடக் கூடாது.”

“பலகை இழுக்காம எப்படிம்மா நெய்யறது?”

“கரைப் பக்கத்துல பலகை இல்லையேங்கய்யா” என்றார் ஜரிகை வியாபாரியின் மகள்.

பிரேம்நாத் படுக்கையில் திரும்பினார். “பரமசிவம், பேங்க்குல எனக்குக் கீழ வேலை பாத்த பொண்ணு, நான் ரிடையர் ஆகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எனக்கு மேலதிகாரியா வந்தாங்க. ஒரு வாரம் கஷ்டமா இருந்துது. அப்புறம் பாத்தா வேலை கம்மி.”

பரமசிவத்துக்கு ஒரு வாரம் போதவில்லை. ஆகஸ்டு 1, ஆடி வெள்ளி. காலை ஒன்பது மணிக்குக் கரைப் பக்கத்து இருக்கையில், காலை மடக்கி, ஒரு தலையணையைச் சாய்மானமாக வைத்து அமர்ந்தார். அந்த இடத்திலிருந்து தறி வேறு விதமாகத் தெரிந்தது. நாடா எப்போது வரும் என்பதை முடிவு செய்பவர் வேறு ஒருவர், வந்ததும் வாங்கித் திருப்ப வேண்டும், பேசிக்கொண்டிருந்தால் தவறிவிடும். முதல் மணி நேரத்திலேயே இரண்டு முறை தவறியது.

“கைய கவனி” என்றார் இந்திராணி, பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பாத்துக்கினுதான் இருக்கறேன்.”

“வாசல்ல யார் போறாங்கன்னு பாத்துக்கினு இருக்கற. நீதானே சொல்லுவ, தறியில ஒக்காந்தா தெரு கெடையாதுன்னு?”

“அது ஒனக்குச் சொன்னது.”

“இன்னிக்கி அந்த எடத்துல நீ இருக்கற.”

எதிர்வீட்டிலிருந்து சம்பூர்ணம் எட்டிப் பார்த்து, “அண்ணே, சந்தேகம் இருந்தா கேளு, நான் பதினஞ்சு நாள் அனுபவஸ்தி” என்றார். முதலில் முகம் சுருங்கிய பரமசிவம், அதற்குள் கேட்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டவர் ஆகையால், “நாடா மடியில எறங்காம எப்படி வாங்கின?” என்று கேட்டேவிட்டார். சம்பூர்ணம் உள்ளே வந்து காட்டிக் கொடுத்தார். இருபத்தேழு ஆண்டுகள் இந்திராணி இந்த வேலையை எப்படிச் செய்தார் என்று தாம் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்பதை அவர் அன்று மாலை சத்தாரிடம் சொன்னார். சத்தார் கதவைத் துடைத்துவிட்டுப் புதிய வரிசையை மேலிருந்து தொடங்கியிருந்தார்.

ஆகஸ்டு நடுவில் ஷாஸியாவின் ஆராய்ச்சி முடிவு வந்தது. படிப்பும் வருமானமும் குறைந்தவர்களே மிகுதியாக எடை ஏறி வருகிறார்கள், மிகுதியாக மருத்துவமனையில் படுக்கிறார்கள் என்பது அதன் சாரம். அவர் அதை மறைக்காமல் பரமசிவத்திடம் சொன்னார்.

“நான் ஒருத்தன் சரியானா இந்தக் கணக்கு மாறுமாம்மா?”

“மாறாதுங்கய்யா. ஒருத்தர வெச்சி மாறாது.”

“அப்ப மத்தவங்கள்ல யார் யார் வாயத் தெறக்காம இருக்கறாங்கன்னு சொல்லு. அவங்க கேள்வியையும் நானே கேட்டுடறேன்.”

ஷாரோன் அங்கிருந்து உடனே நகர்ந்துவிட்டார். ஆனால் அடுத்த வாரம் முதல் புதிதாக வருபவர்களைப் பரமசிவத்துக்குப் பக்கத்துப் படுக்கையில் படுக்க வைத்தவர் அவரேதான். திருப்புட்குழியிலிருந்து வந்த ஒரு கட்டடத் தொழிலாளி, மூன்றாம் நாளே, “ஏங்க, தர்பூசணி தண்ணியா, பழமா?” என்று கேட்டார். “தண்ணிதான். பழம் மாதிரி வேஷம் போட்டுக்கினு வருது” என்றார் பரமசிவம், பிறகு தமக்கே ஐயம் வந்து ஷாஸியாவைக் கூப்பிட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

டயாலிசிஸ் இல்லாத நான்கு நாள்களில் தறி ஓடியது. முக்கால் மணி நேரம் நெசவு, கால் மணி நேரம் ஓய்வு. அந்தக் கால் மணியில் இந்திராணியும் குழியிலிருந்து எழுந்து முதுகை நிமிர்த்திக்கொள்வார். முன்பெல்லாம் அப்படியொரு வழக்கம் அந்த வீட்டில் இருந்ததில்லை. புடவை முன்னைவிட மெதுவாகத்தான் வளர்ந்தது. வேல்முருகன் அவசரப்படுத்தவில்லை; இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, கரை சேரும் இடம் முன்னிலும் சுத்தமாக இருப்பதாக இந்திராணியிடம் சொன்னார். “அது என் கைங்க” என்றார் பரமசிவம் கரைப் பக்கத்திலிருந்து. “ரெண்டு கையும்தான்” என்றார் இந்திராணி.

மயில் கழுத்து நிற உடலும் அரக்குக் கரையும் கொண்ட முதற்புடவையின் கடைசி முழம் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் முடிவை எட்டியது. பிற்பகல் நான்கு மணிக்கு இந்திராணி மிதியை அழுத்தி, “இதுதான் கடைசி, ஒழுங்கா வாங்கு” என்றார். வலக் கரையின் கடைசி நாடாவைத் தவறாமல் வாங்கித் திருப்பி எறிந்தவர் செங்கல்வராயன் பரமசிவம். நாள் 2025 ஆகஸ்டு 29.